கடைசியாகக் கை வைத்தவர்

என் கோபம் எங்கள் பக்கத்தில் பிரசித்தம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜான்சன் தன்னை நல்லவனாகக் காட்டிக்கொண்டு கதை சொல்கிறான் என்று பிறகு யாரும் பேசக்கூடாது. அணுபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவில், ரோட்டு மேலேயே பதினாறு வருஷமாக கார் ஷெட் வைத்திருக்கிறேன். வண்டியைக் கண்டபடி ஓட்டிக் கெடுத்துவிட்டு, நான் ஒன்றுமே செய்யவில்லை, தானாக நின்றுவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தானாக எந்த வண்டியும் நிற்காது. யாரோ ஒருவர் எதையோ செய்திருப்பார், அல்லது செய்யாமல் விட்டிருப்பார். இதை முகத்துக்கு நேராகவே சொல்வேன். அப்படிச் சொல்லியும் ஷெட்டில் வண்டி குறையவில்லை என்றால் நம்மிடம் தொழில் இருக்கிறது என்றுதானே அர்த்தம். நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில், சென்னையில் கம்பெனி அதிகாரிகள் சில வருஷம் ஓட்டிவிட்டுத் தள்ளிவிடுகிற நடுத்தரக் கார் ஒன்று எங்கள் பக்கம் வர ஆரம்பித்தது. கம்பெனி வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. பின்னால் டிக்கி நீளமாக இருந்ததால் ‘பெரிய டிக்கி’ என்றே ஆகிவிட்டது. அணுபுரம் டவுன்ஷிப்பில் ஒருவர் வாங்கினால் அதே பிளாக்கில் இன்னும் மூன்று பேர் வாங்குவார்கள். எல்லோரும் அணு நிலையத்தில் வேலை பார்க்கிறவர்கள், படித்தவர்கள், நன்றாக விசாரித்துத்தான் எதையும் வாங்குவார்கள். விசாரிப்பது மட்டும் பக்கத்து வீட்டோடு நின்றுவிடும்.

நல்ல வண்டிதான், ஆனால் சீக்கு இருந்தது. சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் சத்தம் ஏறி ஏறி இறங்கும். மழை பெய்தால் மிஸ்ஸிங் அடிக்கும். மேல்மூடி ஓரம் ஆயில் கசியும். இதெல்லாம் சளி, இருமல் மாதிரி, சமாளித்துக்கொள்ளலாம். பெரிய நோய் ஒன்றுதான், அது சூடு. ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. குடும்பத்தை ஏற்றி, ஏசி போட்டு, ஈசிஆரில் கோவளம் வரை ஒரே மூச்சில் போனால் டெம்பரேச்சர் முள் மேலே ஏறும். பார்க்காமல் விட்டால் ஹெட் கேஸ்கெட் போய்விடும். இன்ஜினின் தலைப்பாகத்துக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கிற தகடு அது. அது போனால் தண்ணீரும் ஆயிலும் ஒன்றாகக் கலந்து, ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால் பால் காப்பி நிறத்தில் வரும். ரேடியேட்டரைத் திறந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது.

ஏழு பெரிய டிக்கிகள் இந்த நோயோடு என்னிடம் வந்தன. ஹெட்டைக் கழற்றி, செங்கல்பட்டு லேத்துக்குக் கொண்டுபோய் மட்டம் பிடித்து, புது கேஸ்கெட் போட்டுக் கொடுப்பேன். இது கம்பெனிக்காரன் செய்த தப்பு சார், நம்ம ஊர் வெயிலைப் பார்க்காமல் டிசைன் பண்ணிவிட்டான் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சார்களும் தலையை ஆட்டினார்கள். பெரிய டிக்கியா, ஜான்சனிடம் போங்கள் என்று திருக்கழுக்குன்றம் வரைக்கும் பேச்சு. எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் தங்கை ஜாக்குலினின் புருஷன் துரையும் ஒரு பெரிய டிக்கி வாங்கினான். வாங்கச் சொன்னவனே நான்தான். வண்டியைப் பார்த்து, ஓட்டி, எடு மாப்ள என்று சொல்லி, நானே முதல் சர்வீஸ் பண்ணி அவன் கையில் கொடுத்தேன். மாமல்லபுரத்தில் ஒரு பெரிய ஓட்டலில் அவனுக்கு டிரைவர் வேலையும் பிடித்துக் கொடுத்தேன். தன் வண்டியிலேயே வெளிநாட்டு விருந்தாளிகளை ஏர்போர்ட்டுக்கும் கோவளத்துக்கும் கூட்டிக்கொண்டு போய்வருகிற வேலை. வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன்னால் யாரும் அப்படி உடுத்தி வேலைக்குப் போனதில்லை. எங்கள் அப்பன்கள் எல்லாம் செய்யூரில் அடுத்தவன் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கினவர்கள். துரை அந்தச் சட்டையை ஜாக்குலின் துவைக்க விடமாட்டான், தானே துவைத்துக்கொள்வான்.

துரை அதிகம் பேசமாட்டான். எதிர்த்துப் பேசவும் தெரியாது. வண்டி முதல் தடவை சூடேறி நின்றது கோவளத்துக்குப் பக்கத்தில். ரேடியேட்டரைத் திறந்தேன், காய்ந்து கிடந்தது. தண்ணீர் பார்த்தாயா என்று கேட்டேன். காலையில் ஊற்றிவிட்டுத்தான் எடுத்தேன் என்றான். முறைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். இரண்டு மாதத்தில் மறுபடியும் அதே. அப்போதும் காலையில் ஊற்றினேன் என்றான். அப்போது வாய்க்கு வந்தபடி திட்டினேன். மூன்றாவது தடவை, ஏர்போர்ட் போகிற வழியில், ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு கிழவனும் கிழவியும் நடுரோட்டில் பெட்டியோடு நின்று, விமானத்தைத் தவறவிட்டார்கள். ஓட்டல் மேனேஜர் எனக்குப் போன் போட்டுக் கத்தினான். சிபாரிசு பண்ணினது நான் என்பதால் எனக்கு மானம் போயிற்று.

அன்று ஷெட்டில் மாமல்லபுரம் ஸ்டாண்டு டிரைவர்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். வண்டியைக் கட்டி இழுத்து வந்து நிறுத்தினதும் நான் ரேடியேட்டர் மூடியைக் கழற்றி எல்லோருக்கும் காட்டினேன்.

“காலைல தண்ணி ஊத்திட்டுத்தான் மச்சான் எடுத்தேன்” என்றான் துரை.

“ரேடியேட்டர் பொய் சொல்லாது. நீதான் சொல்ற” என்றேன்.

அதோடு விட்டேனா. குடிக்கிறாயா, தூங்கிக்கொண்டே ஓட்டுகிறாயா, உன்னை நம்பி எப்படிய்யா உயிரை ஒப்படைக்கிறது என்று அத்தனை பேர் முன்னால் கேட்டேன். அவன் முகத்தில் ஈயாடவில்லை. டிரைவர் தொழிலில் குடித்தவனுக்குக்கூட ஒரு தடவை மன்னிப்பு உண்டு. தண்ணீர் பார்க்காமலே பார்த்தேன் என்கிறவனுக்குக் கிடையாது. அந்த வாரத்திலேயே ஓட்டல் அவனை நிறுத்திவிட்டது. ஸ்டாண்டிலும் யாரும் ஆக்டிங் டிரைவராகக்கூட அவனைக் கூப்பிடவில்லை.

ஜாக்குலின் என் பக்கம்தான் நின்றாள். அண்ணன் இவ்வளவு தூரம் செய்தும் இந்த மனுஷன் பொய் சொல்கிறானே என்று அவளுக்கு ஆத்திரம். நான் ஒரு படி மேலே போனேன். எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. சகோதரனோடு சண்டையை வைத்துக்கொண்டு அப்பத்தைத் தொடாதே என்று பாஸ்டர் ஒவ்வொரு தடவையும் சொல்வார். பொய்யை ஒத்துக்கொள்ளாதவனோடு ஒரே வரிசையில் முழங்கால் போடமாட்டேன் என்று நான் எழுந்து வெளியே போனேன், இரண்டு மாதம் தொடர்ந்து. மூன்றாவது மாதம் துரை சாட்சி சொல்ல எழுந்து நின்றான். மச்சான் சொன்னது நிஜம்தான், நான் தண்ணீர் பார்க்கவில்லை, பார்த்தேன் என்று சொன்னது பொய் என்றான். சபையே தோத்திரம் சொல்லிற்று. நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டேன். எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இதை எழுதவே கூசுகிறது.

வண்டியை விற்றுவிட்டு, துரையும் ஜாக்குலினும் செய்யூர்ப் பக்கம் போய்விட்டார்கள். சவுக்கு வெட்டி லாரிக்கு ஏற்றுகிற வேலைக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டேன். புத்தி வரட்டும் என்று நினைத்தேன்.

ஒரு வருஷம் போயிற்று. இரண்டாயிரத்து ஏழு ஜூன் மாதம் சதாசிவம் சார் ஷெட்டுக்கு வந்தார். அணு நிலையத்தில் பெரிய இன்ஜினியர், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், அவருடைய பெரிய டிக்கியும் என் கையால் இரண்டு தடவை ஹெட் இறங்கினது. கையில் கட்டம் போட்ட நாலு தாள் வைத்திருந்தார். டவுன்ஷிப்பிலும் சுற்றுவட்டத்திலும் அந்த வண்டி வைத்திருக்கிற பதினோரு பேரையும் கேட்டு, யாருக்கு என்ன கோளாறு, எப்போது வந்தது, எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்று அழகாக எழுதியிருந்தார். எல்லோரும் சேர்ந்து கம்பெனிக்கு ஒரு புகார்க் கடிதம் அனுப்பப்போகிறார்களாம். மெக்கானிக் என்ற முறையில் நானும் அதில் கையெழுத்துப் போட வேண்டுமாம். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. மேலே ‘கடைசியாகக் கை வைத்தவர், தேதி’ என்று எழுதியிருந்தார். அது என்ன சார் என்றேன். அவர்கள் நிலையத்தில் அப்படி ஒரு பழக்கம் உண்டாம். ஒரு பம்ப் நின்றாலும், ஒரு விளக்கு எரியாமல் போனாலும், யார் தப்பு என்று கேட்கக்கூடாதாம். முதலில் சீட்டில் எழுத வேண்டும். என்றைக்கு, எத்தனை மணிக்கு, அதற்கு முன்னால் அதில் கடைசியாகக் கை வைத்தது யார். திட்டுவதற்காக இல்லை, தெரிந்துகொள்வதற்காக. கம்பெனிக்கு அனுப்பும்போது இதுவும் இருந்தால் நன்றாக இருக்கும், உங்கள் வேலை நோட்டைப் பார்த்து நிரப்பிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் என் மனைவி ரெபேக்காள் சோறு கொண்டு வந்தாள். என் கையெல்லாம் கிரீஸ். நான் நோட்டைப் புரட்டிப் படிக்க, அவள் அந்தக் கட்டத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். ஏழு வண்டி முடிந்ததும் பேனாவை நிறுத்தினாள்.

“எல்லாத்துலயும் உன் பேருதான் கீது” என்றாள்.

எனக்குச் சுரீர் என்று வந்தது. என் ஷெட்டுக்கு வருகிற வண்டிக்கு என் பெயர் வராமல் எவன் பெயர் வரும் என்று எரிந்து விழுந்தேன். அவள் மிச்சம் இருந்த நாலு வண்டியை விரலால் தொட்டுக் காட்டினாள். அந்த நாலிலும் கோளாறு என்ற இடத்தில், மழையில் மிஸ்ஸிங், ஆயில் கசிவு என்று சில்லறை நோய்கள்தான் எழுதியிருந்தன. சூடு என்ற சொல்லே இல்லை. அந்த நாலும் சென்னைக்குப் போய் சர்வீஸ் பண்ணிக்கொள்கிற வண்டிகள். சோற்றை மூடி வைத்துவிட்டு நோட்டை மறுபடியும் முதலிலிருந்து புரட்டினேன்.

ஏழு வண்டிக்கும் நான் என்னதான் செய்தேன். ஒன்றில் கிளட்ச், ஒன்றில் பிரேக், ஒன்றில் வெறும் ஆயில் மாற்றம். நோட்டில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. சாயங்காலம் வரை மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் நோட்டில் எழுதாத ஒன்று ஞாபகம் வந்தது. தெர்மோ வால்வு.

இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகிற வாயில் உட்கார்ந்திருக்கிற சின்ன வால்வு அது. இன்ஜின் சூடாகிறவரை மூடியிருந்து பிறகு திறக்கும். குளிர் தேசத்துக்காக வைத்தது, நம்ம ஊர் வெயிலுக்கு எதற்கு என்று நான் தொழில் கற்ற செங்கல்பட்டு லாரி ஷெட்டில் அத்தனை பேரும் அதைக் கழற்றித் தூக்கிப் போடுவார்கள். லாரிக்கு ஒன்றும் ஆகாது. அம்பாசிடருக்கு நல்லதுகூட. நானும் அன்றிலிருந்து, எந்த வண்டி முதல் சர்வீஸுக்கு வந்தாலும் அதைக் கழற்றிவிடுவேன். கஸ்டமரிடம் கேட்கமாட்டேன், கூலியும் வாங்கமாட்டேன், நோட்டிலும் எழுதமாட்டேன். வீட்டுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றுவோமே, அதை யாராவது எழுதி வைப்பார்களா.

அந்த நாலு வண்டிக்காரர்களில் வைஷாலி மேடம் ஒருவர். பழைய மாமல்லபுரம் ரோட்டில் ஒரு ஐடி ஆபீஸில் வேலை, தினமும் தானே ஓட்டிக்கொண்டு போகிறவர். காற்று பிடிக்க மட்டும் என்னிடம் வருவார். சனிக்கிழமை வந்தபோது, ஐந்து நிமிஷம் பானெட்டைத் திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். இன்ஜின் குளிரும்வரை காத்திருந்து இரண்டு போல்ட்டைக் கழற்றி வால்வை வெளியே எடுத்தேன். இத்தனை வருஷத்தில் பெரிய டிக்கி வால்வை நான் கழற்றியிருக்கிறேனே தவிர, ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்த்ததில்லை. அதன் அடியில் இன்னொரு சின்னத் தட்டு இருந்தது.

லாரி வால்வில் அந்தத் தட்டு இல்லை. இந்த இன்ஜினில் தண்ணீருக்கு இரண்டு வழி. ஒன்று ரேடியேட்டருக்குப் போகிற வழி, இன்னொன்று திரும்ப இன்ஜினுக்குள்ளேயே போகிற குறுக்கு வழி. சூடேறும்போது வால்வு ரேடியேட்டர் வழியைத் திறக்கும், அதே நேரத்தில் அடித்தட்டு குறுக்கு வழியை அடைக்கும். வால்வையே கழற்றிவிட்டால் குறுக்கு வழி திறந்தே கிடக்கும். பாதி வெந்நீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் உள்ளேயே சுற்றிச் சுற்றிக் கொதிக்கும். ஊருக்குள் தெரியாது. ஈசிஆரில் ஏசி போட்டுப் போனால் தெரியும். கேஸ்கெட் போகும், போனபிறகு காலையில் குடம் குடமாக ஊற்றியிருந்தாலும் வழியிலேயே எல்லாம் வெளியேறிவிடும். வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேடம் என்ன ஆயிற்று என்று கேட்டார். ஒன்றுமில்லை, உங்கள் வண்டி நன்றாக இருக்கிறது என்று சொல்லி மாட்டிக் கொடுத்தேன்.

அப்போதும் எனக்கு நம்ப மனம் வரவில்லை. திங்கட்கிழமை செங்கல்பட்டு போய் புது வால்வு வாங்கி வந்தேன். சதாசிவம் சாரின் வண்டியைக் கேட்டு வாங்கி அதில் மாட்டினேன். உச்சி வெயிலில், ஏசியை முழுசாக வைத்து, மாமல்லபுரம் தாண்டி கோவளம் வரை மிதித்தேன். முள் ஏற வேண்டும், ஏற வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டே போனதைக் கர்த்தர் ஒருவர்தான் அறிவார். அது நடுவில் போய் நின்றுகொண்டு அசையவே இல்லை. கோவளம் பஸ் நிற்கிற இடத்தில் ஓரமாக வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். மீன் கூடையோடு பஸ்ஸுக்கு நின்ற ஒரு அம்மாள் வந்து கண்ணாடியைத் தட்டி, உடம்பு சரியில்லையா தம்பி என்று கேட்டாள்.

சார்களுக்காக அழவில்லை. அவர்களுக்கு நான் என்ன சொன்னேன், கம்பெனித் தப்பு என்றேன். அதே நோய், அதே காய்ந்த ரேடியேட்டர், என் தங்கை புருஷனுக்கு வந்தபோது அவன் தப்பு என்றேன். சதாசிவம் சாரும்தான் காலையில் தண்ணீர் ஊற்றினேன் என்றார். நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டேனா. சார் சொன்னால் நம்பினேன். அடுத்தவன் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்குகிற வீட்டில் பிறந்தவன் சொன்னால் நம்பவில்லை. நானும் அதே மாதிரி வீட்டில் பிறந்தவன்தான்.

அழுது முடித்ததும் புத்தி வேறு பக்கம் போயிற்று. உண்மையைச் சொல்கிறேன், மறைத்துவிடத்தான் நினைத்தேன். ஏழு வண்டிக்கும் ஏதோ ஃப்ரீ செக்கப் என்று கூப்பிட்டு, சத்தமில்லாமல் வால்வை மாட்டிவிடலாம். கடிதத்தில் கையெழுத்துப் போடலாம். கம்பெனிக்காரன் பதில்கூட எழுதமாட்டான். ஜான்சன் கை பட்டதும் நோய் தீர்ந்தது என்று எனக்கு இன்னும் பேர்தான் வரும். வீட்டுக்கு வந்து ரெபேக்காளிடம் இதைச் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏழு வண்டிக்கும் மாட்டிடுவ. துரை அண்ணனுக்கு இன்னாத்த மாட்டுவ?” என்றாள்.

கோபம் வந்தது. அவளிடம் கோபப்பட என்னிடம் ஒன்றும் இல்லை என்பதும் தெரிந்தது. அதனால் மறுநாள் காலையிலேயே அணுபுரம் போய் சதாசிவம் சார் வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் உள்ளே போய் அந்தத் தாளைக் கொண்டு வந்தார். கடைசிக் கட்டத்தில் ‘வால்வு நீக்கப்பட்டது’ என்று ஏழு இடத்திலும் எழுதினார். பிறகு நிமிர்ந்து, எட்டாவதாக வேறு வண்டி ஏதாவது உண்டா என்று கேட்டார். உண்டு சார், அது விற்றாகிவிட்டது என்றேன்.

நேராக பைக்கைச் செய்யூர் பக்கம் திருப்பினேன். துரை குடியிருந்த வீடு சவுக்குத் தோப்பை ஒட்டி இருந்தது. அன்று லாரி வராததால் வேலை இல்லை, ஆனால் துரை வீட்டில் இல்லை, கடைக்குப் போயிருந்தான். ஜாக்குலின் தண்ணீர் கொடுத்துவிட்டு, நான் வாயைத் திறக்குமுன்பே புலம்ப ஆரம்பித்தாள். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டக் கூப்பிட்டார்களாம். நல்ல வேலை, மழை வெயில் இல்லாத வேலை. போகமாட்டேன் என்றுவிட்டானாம்.

“புள்ளைங்க உயிரு, என் தலைய நம்பி எடுக்க முடியாதுன்றான் அண்ணாத்த. வண்டியவே தொடறதில்ல. காலீல கதவ சாத்திட்டுப் போனா மூணு வாட்டி திரும்பி வந்து பாக்கறான். அடுப்ப அணைச்சனான்னு என்னாண்ட கேக்கறான், தோ இப்பதான்யா அணைச்சேன்னா, நீ பாத்தியா, நெசமா பாத்தியான்றான். பேஜாரா கீது.”

நான் தம்ளரைக் கீழே வைத்தேன். ஒரு மனுஷன் பொய்யை ஒத்துக்கொண்டு திருந்தினான் என்று நாங்கள் தோத்திரம் சொன்னோம். அவன் ஒத்துக்கொண்டது பொய்யை இல்லை. நாங்கள் எல்லோரும் சேர்ந்து சொன்னதால், தான் ஊற்றினதாக ஞாபகம் இருப்பதே கோளாறு என்று நம்பிவிட்டான். ஓட்டல் வேலையை நான் பறித்தது ஒரு பக்கம். அவனுடைய தலையையே அவனுக்கு எதிராகத் திருப்பிவிட்டிருந்தேன்.

துரை வந்தான். மெலிந்திருந்தான், கையெல்லாம் சவுக்குச் செதில் கீறின தழும்பு. வா மச்சான் என்று பாய் எடுத்துப் போட்டான். என்னைப் பார்த்ததில் அவனுக்கு உண்மையிலேயே சந்தோஷம், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நான் பாயில் உட்காரவில்லை. நின்றபடியே வால்வைப் பற்றி, அடித்தட்டைப் பற்றி, ஏழு வண்டியைப் பற்றி, நான் கழற்றி எறிந்ததைப் பற்றி, ஒன்று விடாமல் சொன்னேன். ஜாக்குலின் வாயில் கையை வைத்துக்கொண்டு சுவரோடு உட்கார்ந்துவிட்டாள். துரை எல்லாவற்றையும் தலை குனிந்து கேட்டான். அவனும் டிரைவர், அவனுக்குப் புரிந்தது.

“அப்ப நான் தண்ணி ஊத்துனனா மச்சான்?” என்றான்.

“ஊத்துன மாப்ள.”

“மூணு வாட்டியுமா?”

“மூணு வாட்டியும்.”

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தில் கோபம் வரும், எழுந்து ஓர் அறை விடுவான், வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவனுக்கு அந்த மூன்று காலைப் பொழுதும் மனதில் ஓடுகிறது என்று தெரிந்தது.

“உனுக்கு எப்டி தெரியும்?” என்றான் கடைசியில். “நீ பாக்கலியே.”

வால்வைப் பற்றி மறுபடியும் சொல்ல ஆரம்பித்தேன், அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

“அன்னிக்கு ஊத்தலன்னு சொன்ன. அன்னிக்கும் நீ பாக்கல. இன்னிக்கு ஊத்துனன்ற. இன்னிக்கும் நீ பாக்கல. நான் எத்த மச்சான் நம்பறது?”

ஜாக்குலின் அழுதுகொண்டே, ஊற்றினாய், நீ ஊற்றினாய் என்று அவன் காலைப் பிடித்தாள். அவளும் பார்த்ததில்லை. துரை அவளை எழுப்பி உட்கார வைத்தான். நான் கையெடுத்துக் கும்பிட்டு, வருகிற ஞாயிறு நம் சபையில் எழுந்து நின்று, என் மாப்பிள்ளை மூன்று தடவையும் தண்ணீர் ஊற்றினான், பொய் சொன்னவன் நான்தான் என்று சாட்சி சொல்லப்போகிறேன், நீ வந்து கேட்க வேண்டும் என்றேன்.

“வரேன்” என்றான். “ஆனா நான் ஊத்துனேன்னு சொல்லாத. நீ பாக்கலன்னு மட்டும் சொல்லு.”

ஞாயிற்றுக்கிழமை அவனும் ஜாக்குலினும் பஸ் ஏறி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். மாமல்லபுரம் ஸ்டாண்டு டிரைவர்கள் மூன்று பேரை நான் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்திருந்தேன். சாட்சி நேரத்தில் எழுந்து நின்றேன். எவ்வளவோ சொல்ல வேண்டும் என்று வாய் துடித்தது. வால்வைப் பற்றி, தட்டைப் பற்றி, அவன் எவ்வளவு நல்ல டிரைவர் என்பதைப் பற்றி. கடைசி வரிசையைப் பார்த்தேன். துரை இமைக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“துரை தண்ணி ஊத்தலன்னு நான் இங்க எல்லாருக்கும் சொன்னேன். நான் பாக்கல” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். யாரும் தோத்திரம் சொல்லவில்லை.